ஃபர்வர்தீன் யாருக்குச் சொந்தம்?

ஜாஃபர் பனாஹியின் 'வெள்ளை பலூன்' (1995) படத்தை ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தபோது, தங்கமீன் கேட்டு அடம்பிடிக்கும் சிறுமியின் கதையாக மட்டுமே எனக்கு அது பட்டது. புத்தாண்டு பிறக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று டெஹ்ரான் வானொலி சொல்லிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. பின்னால் ஈரானிய நாட்காட்டியின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், படத்தின் முக்கியப் பாத்திரமே அந்தக் குரல்தானோ என்று தோன்றியது.

நவ்ரூஸ் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறப்பதில்லை. வசந்த காலத்தில் இரவும் பகலும் சமமாகிற அந்தக் கணத்தில் பிறக்கிறது. 2024இல் டெஹ்ரானில் அது மார்ச் 20 காலை 6.36. அடுத்த வருஷம் வேறு நேரம். விரிப்பில் பாரசீக 'ஸீன்' எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள்: ஆப்பிள், பூண்டு, வினிகர், முளைவிட்ட கோதுமை என்று. பக்கத்தில் கண்ணாடி, மீன். ஒரு வீட்டில் குர்ஆன், இன்னொரு வீட்டில் ஹாஃபிஸின் கவிதைகள், பல வீடுகளில் இரண்டுமே. பழைய பண்டிகையை இஸ்லாம் அழிக்கப் பார்த்தது, ஜனங்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்கிற எளிய கதையாடல் இந்த விரிப்பின் முன்னால் நிற்காது.

1925 மார்ச் 31இல் மஜ்லிஸ் ஒரு சட்டம் போட்டது. மாதங்களுக்குப் பழைய பாரசீகப் பெயர்கள். ஆண்டுக் கணக்கு மட்டும் நபிகளின் ஹிஜ்ரத்திலிருந்து. இந்தச் சமரசம் முகம்மது ரேஸா ஷாவுக்குப் போதவில்லை. சைரஸ் பட்டமேறியதிலிருந்து எண்ண வேண்டும் என்றார். 1976 மார்ச்சில், 1354இல் தூங்கப்போன ஜனங்கள் 2535இல் கண்விழித்தார்கள். மன்னர் காலத்தையும் தன் கஜானாவில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான் சமாச்சாரம். 1978 ஆகஸ்ட் கடைசியில், தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஷரீஃப் எமாமியின் அரசு முதலில் விட்டுக்கொடுத்தவற்றுள் இந்த வருஷக் கணக்கும் ஒன்று.

அடுத்து வந்தவர்கள் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள், ஃபர்வர்தீனைத் தொடவில்லை. இஸ்லாமியக் குடியரசு அறிவிக்கப்பட்ட 1979 ஏப்ரல் 1 அவர்கள் கணக்கில் ஃபர்வர்தீன் 12. மறுநாள் பதின்மூன்று: யாரும் வீட்டில் இருக்கக்கூடாது, குடும்பத்தோடு வெளியே போய் முளைப்பயிரை ஓடும் தண்ணீரில் விட வேண்டும். அந்த வருஷமே எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் செல்லும், ஆனால் அரசு அலுவலகங்கள் சூரியக் கணக்கையே பின்பற்றும் என்றது. ஆக, முன்னோர் ஆவிகளும் பழைய தெய்வங்களும் பெயர் கொடுத்த மாதங்களில்தான் மதகுருமார்களின் அரசும் சம்பளப் பட்டுவாடா செய்தது. வருஷத்தின் கடைசிப் புதனுக்கு முந்தின இரவில் நெருப்பைத் தாண்டுவதற்கு மதத்தில் ஆதாரமில்லை என்று 2010இல் உச்சத் தலைவர் அலி காமெனெயி சொன்னார். தாண்டுகிறவர்கள் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் எதிர்ப்பு என்று கொண்டாட எனக்கும் ஆசைதான். ஆனால் தயக்கமாக இருக்கிறது. ஷா பேசிய அதே 'ஆரியப் பழம்பெருமை' நெருப்பைச் சுற்றியும் கேட்கிறது. நவ்ரூஸ் ஈரானியரின் தனிச்சொத்து ஒன்றும் அல்ல. குர்தியர், தாஜிக்குகள், ஆப்கானியர் எல்லோருக்கும் உரியது. ஃபர்வர்தீனை ஆப்கானியர் 'ஹமல்' என்பார்கள். ஹமல் என்றால் மேஷம். நம்மூர் பஞ்சாங்கக்காரருக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். கம்பித் தடுப்புக்குள் விழுந்த நோட்டு, பலூன் விற்கும் ஆப்கான் பையனின் குச்சியால்தான் வெளியே வருகிறது. சிறுமியும் அண்ணனும் மீனோடு வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். புத்தாண்டு பிறக்கும்போது அவன் விற்காத ஒரு வெள்ளை பலூனோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

2025இல் ஈரானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். பலர் பிடித்து அனுப்பப்பட்டவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது.