உரோம இலக்கங்கள்: அம்பாறைக் கரையோர வழக்கில்

உரோம இலக்கங்கள் என்பவை Ⅰ, Ⅴ, Ⅹ, Ⅼ, Ⅽ, Ⅾ, Ⅿ என்னும் ஏழு குறிகளால் எண்களை எழுதும் பழைய முறை. இவற்றின் பெறுமதி முறையே 1, 5, 10, 50, 100, 500, 1000. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோரத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் இவற்றைக் கொண்டு எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆயினும் பரீட்சைத்தாள், நியமனக் கடிதம், சட்டப் புத்தகம், சுவர்க்கடிகாரம் என்று எங்கும் இவை கண்ணில் படுகின்றன.

பெரிய குறிக்குப் பின் சிறியது வந்தால் கூட்ட வேண்டும், முன் வந்தால் கழிக்க வேண்டும்: Ⅵ ஆறு, Ⅳ நான்கு. கழித்தலுக்கு ஒரு வரம்பு உண்டு. Ⅰ என்பது Ⅴ, Ⅹ இரண்டுக்கும் முன்னால் மட்டுமே வரலாம். ஆகவே 99-ஐ ⅠⅭ என்று எழுதுவது பிழை, ⅩⅭⅨ என்பதே சரி. இந்த ஒழுங்கு பிற்காலத்தில் இறுகியது. உரோம் நகரின் கொலோசியம் அரங்கில் 54-ஆம் வாயிலுக்கு மேல் ⅬⅠⅠⅠⅠ என்றே செதுக்கியிருக்கிறார்கள். பல கடிகாரங்கள் இன்றும் நான்கு மணிக்கு ⅠⅠⅠⅠ காட்டுவதைத் தவறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இலங்கையில் இம்முறையைக் கல்லில் காண நல்ல இடம் காலிக் கோட்டை. அதன் பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், அதனுடன் ⅯⅮⅭⅬⅩⅨ என்ற ஆண்டும் உள்ளன. அது 1669. இதே ஆண்டைப் பழைய தமிழ் இலக்கத்தில் எழுதினால் ௲௬௱௬௰௯. உரோமர் அறுநூறுக்கு ⅮⅭ என்று ஐந்நூறையும் நூறையும் கூட்டினார்கள். தமிழர் ௬௱ என்று ஆறையும் நூறையும் பெருக்கினார்கள். தமிழ் முறையே சீரானது என்பது தெளிவு. ஒன்பது இலக்கங்களும் பத்து, நூறு, ஆயிரத்துக்கான மூன்று குறிகளும் இருந்தால் எந்தப் பெருந்தொகையையும் நெருங்கலாம்.

கரையோர மக்களுக்கு இன்னும் அணுக்கமான எண்முறை அப்ஜத். அரபு எழுத்துகள் 28-க்கும் பெறுமதி உண்டு: அலிஃப் 1, யா 10, காஃப் 100, ஙைன் 1000. 1669-ஐ எழுத நான்கு எழுத்துகளே போதும். கடிதத் தலைப்பிலும் கடைப் பலகையிலும் காணும் 786, ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்ற வாசகத்தின் எழுத்துப் பெறுமதிகளைக் கூட்டிய தொகை. பிஸ்மிக்குப் பதிலாக அதை எழுதலாமா என்பதில் உலமாக்களிடையே உடன்பாடில்லை. எழுத்தே எண்ணாகவும் நிற்கும் என்ற கருத்தோ குர்ஆன் மத்ரஸா சூழலில் வளர்ந்தவருக்குப் புதிதல்ல. உரோம இலக்கத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கினால் பாடம் எளிதாகும்.

பூச்சியமும் இடப்பெறுமானமும் இல்லாததால் உரோம இலக்கத்தில் தாளில் பெருக்குவது பெரும்பாடு. கணக்கர்கள் மணிச்சட்டத்தில் கணித்து, விடையை மட்டும் எழுதி வைத்தார்கள். இந்தியாவில் பிறந்து, 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அல்-குவாரிஸ்மி நூலில் விளக்கம் பெற்ற பத்து இலக்கங்களை, வட ஆபிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில் இளமையில் கற்றவர் பீசா நகரத்து ஃபிபொனாச்சி. 1202-இல் அவர் எழுதிய நூல் அவற்றை ஐரோப்பிய வணிகருக்கு அறிமுகப்படுத்தியது. ஆனாலும் 1299-இல் புளோரன்ஸ் நகர நாணயமாற்றுச் சங்கம் கணக்கேடுகளில் புதிய இலக்கங்களைத் தடை செய்தது. திருத்திப் பொய்க்கணக்கு எழுத அவை எளிதானவை என்ற அச்சமே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தத் தடை நிலைக்கவில்லை.

கணக்கில் தோற்ற முறை இன்றும் வாழ்வதற்குக் காரணம் பழமை மீதான பற்று மட்டுமல்ல. ஒரே இடத்தில் இரண்டு வரிசை எண்கள் தேவைப்படும்போது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்ட இவை உதவுகின்றன. உயர்தரப் பௌதிகவியலின் பாட இலக்கம் 01. அதில் பல்தேர்வு வினாக்கள் கொண்ட தாள் Ⅰ, கட்டுரை வினாக்கள் கொண்ட தாள் Ⅱ. பாட இலக்கமும் தாள் இலக்கமும் ஒரே வடிவில் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியல் கல்லூரியும் உள்ள அட்டாளைச்சேனையை நடுவில் கொண்ட இக்கரையோரத்தில், ஆசிரியர் இல்லாத தெரு அரிது. அவர்களின் சேவைப் படிகள் 3-Ⅱ, 3-Ⅰ, 2-Ⅱ, 2-Ⅰ, 1 என ஏறுகின்றன. முதல் எண் வகுப்பு, அடுத்தது தரம். 3-Ⅰ என்பதற்குள் அ, ஆ, இ என்ற உட்பிரிவுகளும் உண்டு. மூன்று வரிசைகள் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன. 2-Ⅱ என்பதைச் சேர்த்து 22 என்று எழுதினால் சம்பளப் படிவத்தில் அதற்குப் பொருளே இல்லை.

1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் இவ்வாறே அமைந்தது. அத்தியாயங்களுக்கு உரோம இலக்கம், உறுப்புரைகளுக்குச் சாதாரண இலக்கம். சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைக் கூறும் உறுப்புரை 10, அடிப்படை உரிமைகளுக்கான அத்தியாயம் Ⅲ-இல் வருகிறது. மொழி பற்றியது அத்தியாயம் Ⅳ. 1987-இல் 13-ஆம் திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தபோது, பின்வந்த அத்தியாயங்களின் இலக்கங்களை மாற்றாமல் ⅩⅦ-க்கும் ⅩⅧ-க்கும் நடுவே, ⅩⅦ-உடன் ஓர் எழுத்தைச் சேர்த்துப் புதிய அத்தியாயத்தை நுழைத்தார்கள்.