மின்காந்தம்: கரிசல் காட்டுக் கிணறு முதல் கமுதி சூரிய மின்நிலையம் வரை

இரும்புத் துண்டின் மீது காப்பிட்ட கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதில் மின்சாரம் செலுத்தினால் இரும்பு காந்தமாகிறது. மின்சாரம் நின்றதும் காந்தத் தன்மை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகிறது. இதுவே மின்காந்தம் எனப்படுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் போன்ற வானம் பார்த்த பூமியில் இக்கருவியின் வரலாறு கிணற்று நீரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது.

கண்டுபிடிப்பின் வரலாறு

1820-இல் டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டியின் முள் விலகுவதைக் கண்டார். மின்சாரமும் காந்தமும் தொடர்புடையவை என்பது அன்று உறுதியாயிற்று. 1825-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், குதிரை லாட வடிவில் வளைத்த சுமார் 200 கிராம் இரும்பின் மீது கம்பி சுற்றி, ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தூக்கிக் காட்டினார். அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி, காப்பிட்ட கம்பியை நெருக்கமாகப் பல சுற்றுகள் சுற்றினார். 1831-இல் அவர் அமைத்த மின்காந்தம் 900 கிலோவுக்கும் மேல் தூக்கியது.

அதே ஆண்டில் மைக்கேல் ஃபாரடே இதன் மறுபக்கத்தைக் கண்டறிந்தார். சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறினால், சுருளில் மின்சாரம் தோன்றும். மின்னாக்கி, மின்மாற்றி ஆகிய இரண்டுக்கும் இதுவே அடிப்படை.

செயல்படும் விதம்

இரும்பினுள் நுண்ணிய காந்தப் பகுதிகள் பல உள்ளன. சாதாரண நிலையில் அவை வெவ்வேறு திசைகளை நோக்கியிருப்பதால் ஒன்றன் விளைவை மற்றொன்று ஈடுசெய்துவிடும். சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அவை ஒரே திசையில் அணிவகுக்கின்றன. சுற்றுகளின் எண்ணிக்கையும் மின்னோட்டமும் கூடக் கூட, இரும்பு தெவிட்டு நிலையை எட்டும் வரை, காந்த வலிமையும் கூடும். தேனிரும்பு காந்தத் தன்மையை விரைவில் இழப்பதால் மின்காந்தத்துக்கு ஏற்றது. எஃகு அதைத் தக்கவைத்துக்கொள்ளும்.

காந்தப்புலம் ஆற்றலையும் சேமித்து வைக்கிறது. மின்சாரத்தைத் துண்டிக்கும்போது சுவிட்சில் பொறி பறப்பது, புலத்தில் இருந்த ஆற்றல் வெளிப்படுவதால்தான்.

கிணற்றடிக்கு வந்த மின்காந்தம்

முன்பு இப்பகுதியில் கமலை பூட்டி, மாடுகளைக் கொண்டு நீர் இறைத்தனர். பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. தமிழ்நாட்டில் 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டமும், 1944-இல் பாபநாசம் நீர்மின் திட்டமும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். 1957-இல் மின்வாரியம் அமைந்தபின் கிராமங்களுக்கு மின்கம்பிகள் பரவின.

மோட்டாரின் உள்ளே இருப்பவையும் மின்காந்தங்களே. மூன்று ஃபேஸ் மின்சாரம் மூன்று தொகுதிச் சுருள்களில் அடுத்தடுத்து உச்சம் பெறுவதால், காந்தப்புலம் சுழல்கிறது. நடுவிலுள்ள ரோட்டரில் அது மின்னோட்டத்தைத் தூண்டி, ரோட்டரையும் சுழலச் செய்கிறது.

மோட்டார் அறையில் இன்னொரு மின்காந்தமும் உண்டு. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால், நோ வோல்ட் காயில் காந்தமாகி இரும்புப் பட்டையை இழுத்துப் பிடிக்கும், இணைப்பு சேரும். கரண்ட் போனதும் பிடி விட்டுவிடும். மீண்டும் கரண்ட் வரும்போது மோட்டார் தானாக ஓடாமல் காப்பது இதுவே.

ஆற்றலின் கணக்கு

தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. மானாவாரி நிலத்தில் இறவைச் சாகுபடிக்கு இது கைகொடுத்தது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளிலும் நீர் இறைக்க முடிந்ததால், கிணறுகள் ஆழமாயின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின.

இங்கே இயற்பியல் விட்டுக்கொடுப்பதில்லை. 1,000 லிட்டர் நீரை 20 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, இழப்புகள் நீங்கலாக, சுமார் 0.054 யூனிட் மின்சாரம் தேவை. 100 மீட்டரிலிருந்து என்றால் 0.27 யூனிட், அதாவது ஐந்து மடங்கு. விவசாயிக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், அந்த ஆற்றலை எங்கோ உற்பத்தி செய்தே ஆகவேண்டும். மின்காந்தம் ஆற்றலை உருவாக்குவதில்லை; ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றித் தருகிறது.

ஒளியும் மின்காந்த ஆற்றலே

ஃபாரடேயின் கண்டுபிடிப்புகளைக் கணிதமாக்கிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், 1865-இல் வெளியான கட்டுரையில் ஒளியும் ஒரு மின்காந்த அலை என்று காட்டினார். மாறும் மின்புலமும் மாறும் காந்தப்புலமும் ஒன்றையொன்று தோற்றுவித்தபடி வெளியில் பரவுகின்றன. 1887-88-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இத்தகைய அலைகளைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டினார்.

கரிசல் காட்டைச் சுட்டெரிக்கும் வெயிலும் இவ்வாறு சுமார் எட்டு நிமிடப் பயணத்தில் வந்துசேரும் மின்காந்த ஆற்றலே. திருச்சுழியைக் கடந்து குண்டாறு செல்லும் வழியில் உள்ளது கமுதி. அங்கே 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் சூரியத் தகடுகள் நிற்கின்றன. அனல், நீர், காற்று மின்நிலையங்களில் காந்தப்புலத்தில் சுழலும் மின்னாக்கி வேண்டும். சூரியத் தகட்டில் சுழலும் பாகமே கிடையாது. ஒளி, தகட்டிலுள்ள சிலிக்கானின் எலக்ட்ரான்களை நேரடியாக இயக்குகிறது. எனினும் அம்மின்சாரம் தொலைவுக்குச் செல்ல, இரும்பு உள்ளகத்தில் சுருள்கள் சுற்றிய மின்மாற்றிகள் தேவைப்படுகின்றன.

விருதுநகர் மாவட்டக் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் பி. எம். மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது. நூற்பு எந்திரங்களையும் தறிகளையும் இயக்குபவை மின்மோட்டார்களே. சாயப்பட்டறைகளுக்கு நீரும் வேண்டும்.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளில் மின்காந்தம் ஆய்வக வியப்பிலிருந்து அன்றாடக் கருவியாக வளர்ந்துள்ளது. இன்று இந்த வறண்ட நிலத்தில் மின்சாரத்துக்கு வெயில் இருக்கிறது. நீருக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. மோட்டார் நீரை மேலே கொண்டுவரும், நீரை உண்டாக்காது. எனவே கண்மாய்களைத் தூர்வாரி, பெய்யும் மழையை நிலத்தடியில் சேர்ப்பதும் மின் இணைப்பைப் போலவே இன்றியமையாதது.