படைப்புக் கொள்கையும் பரிணாமக் கொள்கையும்

சென்ற திங்களில் ஒரு நாள், எமது சித்தாந்த வகுப்பு முடிந்து நூலை மூடும் வேளையில், கல்லூரியிற் பயிலும் மாணவரொருவர் எழுந்து, "ஐயா, உடம்புகள் ஒன்றினின்றொன்றாகத் திரிந்து வந்தன என்று காலையில் உயிர்நூலாசிரியர் கற்பிக்கின்றார், இறைவன் படைத்தான் என்று மாலையில் தாங்கள் கற்பிக்கின்றீர்கள். யான் இரண்டையும் கொள்ளலாமா, ஒன்றை விடல் வேண்டுமா?" என்று வினவினார். அருகிருந்த அன்பரொருவர் எம்மை முந்திக்கொண்டு, "டார்வின் கண்டதனை மணிவாசகப் பெருமான் பன்னூறாண்டுகட்கு முன்னரே அருளிச்செய்துவிட்டார், நீர் அஞ்சற்க" என்றார். மாணவர் முகத்தில் தெளிவு தோன்றவில்லை. எமக்கும் அவ்விடை உவப்பாயிற்றில்லை.

திருவாசகத்துச் சிவபுராணத்தில் அடிகள் கூறியருளியது, ஓருயிர் தன் வினைக்கீடாகப் பல பிறவிகளில் எடுத்து இளைத்த உடம்புகளைப் பற்றியதாம். டார்வின் கூறியதோ, ஓரினத்து உடம்பு தலைமுறை தலைமுறையாகச் சிறிது சிறிதாக வேறுபட்டுப் பிறிதோரினமாதலைப் பற்றியதாம். முன்னது உயிரின் யாத்திரை. பின்னது உடம்பின் வமிசாவளி. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கூறுவோர் அடிகளையும் உணர்ந்தாரல்லர், டார்வினையும் கற்றாரல்லர். 'பரிணாமம்' என்னுஞ் சொல்லும் இம்மயக்கத்திற்கு ஒரு காரணமாகும். நம் நூல்களில் அது பால் தயிராதல் போலப் பொருள் திரிதலைக் குறிக்கும். இக்காலத்தார் அதனை உயிரினங்களின் வரலாற்றிற்குப் பெயராக்கினர்.

மாணவர் கேட்ட வினா மேனாட்டில் முன்னரே, அதுவும் மிக்க மனவேதனையோடு, கேட்கப்பட்டதாகும். ஆகலின் அங்கு நிகழ்ந்ததனை முதற்கண் அறிதல் நலம்.

அயர்லாந்து தேயத்து அர்மாவின் தலைமைக் குருவாயிருந்த ஜேம்ஸ் உஷர் என்பார், விவிலியத்துக் கூறிய தலைமுறைகளையும் அரசராண்ட யாண்டுகளையும் கூட்டிக் கணித்து, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டதென 1650-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அவர் பேரறிஞர், அவர் கணக்கை நகையாடுதல் தகாது. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் அவ்வாண்டு ஆங்கில விவிலியப் பதிப்புக்களின் ஓரத்தில் அச்சிடப்படலாயிற்று. ஓரத்தில் நின்ற மானிடக் கணக்கினை நாளடைவில் மக்கள் மறைமொழியோடு ஒப்பக் கருதினர். உரையாசிரியர் கூற்று மூலத்தோடு கலந்துவிடுதல் எந்நாட்டும் நிகழ்வதே. ஏடு பெயர்த்தெழுதுவார் கையில் நம் நூல்கள் பட்ட பாடு யாம் அறியாததன்று.

கிறித்தவப் பெரியோர் எல்லாரும் ஆறு நாட் படைப்பை அங்ஙனமே எழுத்தெழுத்தாகக் கொண்டனரென நினைத்தலும் பிழையாகும். கி.பி. 430-இல் மறைந்த அகஸ்தீன் என்னும் ஆசிரியர், இறைவன் யாவற்றையும் ஒருங்கே படைத்தானென்றும், பின்னர்த் தோன்றற்பாலன வித்து நிலையில் அடங்கியிருந்து காலம் வாய்த்துழி வெளிப்பட்டனவென்றும் உரை வகுத்தார். சற்காரியவாதம் பயின்ற நம்மனோர்க்கு அது முற்றும் அயலதாகத் தோன்றாது.

உஷரின் கணக்கிற்கு முதலில் இடையூறு விளைத்தது டார்வின் நூலன்று, பாறைகளே. ஜேம்ஸ் ஹட்டன், சார்லஸ் லயெல் முதலிய நிலநூலார், மண் படிந்து கல்லாகி உயர்ந்து தேய்தற்கு அளவிறந்த காலம் வேண்டுமென்று காட்டினர். லயெலின் நூல் 1830 முதல் 1833 வரை மூன்று பகுதியாக வெளிவந்தது. மனந் தளர்ந்த பத்தர்களுள் பிலிப் ஹென்றி காஸ் என்பார் ஒருவர். கடல்வாழ் உயிர்களை ஆராய்வதில் வல்லுநர், அப்பழுக்கற்ற நம்பிக்கையுடையவர். அவர் 1857-இல் ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் கிரேக்க மொழியில் கொப்பூழ் எனப் பொருள்படும். தாய் வயிற்றிற் பிறவாத ஆதாமுக்குக் கொப்பூழ் உண்டோ என்பதே அந்நூலின் வித்து. காஸ் உண்டென்றார். அங்ஙனமே, முதல் நாளிற் படைக்கப்பட்ட மரத்திற்கும் அகவை காட்டும் வளையங்கள் இருந்தன. முதல் நாட் பாறையினுள்ளும் ஒருபோதும் உயிர் வாழ்ந்திராத விலங்கின் என்புகள் இருந்தன. உலகம் பழையது போலத் தோன்றுமாறே புதிதாகப் படைக்கப்பட்டது என்றார்.

இவ்வாதத்தை மறுத்தல் எவர்க்கும் இயலாது. அதுவே அதன் குறை. நிலநூலார் நகைத்தனர். பத்தர்களும் ஏற்றிலர். காஸின் நண்பரும் குருமாரும் ஆகிய சார்லஸ் கிங்ஸ்லி, இறைவன் பாறைகளில் ஒரு பெரும் பொய்யை எழுதி வைத்தானென நம்பத் தம்மால் இயலாதென்று அவருக்கு எழுதிவிட்டார். இறைவனைக் காக்கப் புகுந்த வாதம் இறைவனைப் பொய்யனாக்கிவிட்டது!

டார்வின் நூல் 1859 நவம்பர் 24-இல் வெளிவந்தது. முதற் பதிப்பு 1,250 படிகள். 1860 சனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில், பெயர் சுட்டாது ஒரு குருவின் கருத்தை டார்வின் சேர்த்துக்கொண்டார். தாமே வளர்ந்து பிறவாகத் தக்க சில முதல் வடிவங்களை இறைவன் படைத்தானெனக் கொள்வதும், குறையை நிரப்ப அடிக்கடி புதிது படைத்தானெனக் கொள்வதைப்போலவே உயர்ந்த எண்ணமென அக்குரு எழுதியிருந்தார். அவர் மேற்சொன்ன கிங்ஸ்லியே. 1860 சூனில் ஆக்ஸ்போர்டு நகரில் வில்பர்போர்ஸ் என்னும் மேற்றிராணியாரும் ஹக்ஸ்லியும் சொற்போர் ஆடியதைப் பலரும் எடுத்தோதுவர். அங்குப் பேசியதனைச் சொல்லுக்குச் சொல் குறித்தார் இலர்; பிற்காலத்தார் கதையாக்கிச் சுவையேற்றினர். எமக்கு வேண்டுவது அக்கூச்சலன்று. இருவர் கடித வாயிலாக அமைதியாக நடாத்திய ஒரு வழக்கேயாம்.

அவ்விருவருள் ஒருவர் டார்வின். மற்றவர் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பயிர்நூலாசிரியர் ஆசா கிரே. கிரே உறுதியான கிறித்தவர். நூல் வெளிவருவதற்கு ஈராண்டு முன்னரே, 1857 செப்டம்பரில், டார்வின் தம் கொள்கையைச் சுருக்கி அவருக்கு எழுதினார். 1858 சூலை 1-இல் லண்டன் லின்னேயன் கழகத்தில் டார்வின், வாலஸ் இருவர் கொள்கையும் படிக்கப்பட்டபோது அக்கடிதப் பகுதியும் சான்றாகப் படிக்கப்பட்டது. நூல் வந்தபின் அமெரிக்காவில் அதற்காக வழக்காடியவரும் அந்தப் பத்தரே. 1860-இல் அவர் திங்களிதழொன்றில் எழுதிய மூன்று கட்டுரைகளைத் தனி நூலாக்கி இங்கிலாந்தில் பரப்ப டார்வினே முன்னின்றார். இயற்கைத் தெரிவு இறையுண்மைக்கு முரணன்று என்பதே அந்நூற்றலைப்பின் கருத்து.

கிரேயின் கோள் வருமாறு: உயிர்களில் தோன்றும் வேறுபாடுகளுள் நல்லன நிலைக்கின்றன; அல்லன அழிகின்றன. இது டார்வின் கூறியது. ஆயின் வேறுபாடு தோன்றுதற்குக் காரணம் யாதென எவரும் அறியார். சரிவில் ஓடும் நீர் தானே வழி கண்டு ஓடுமாயினும், அது வயல்களுக்குப் பயன்படும் வாய்க்கால்களாக அமைந்திருக்கக் கண்டால், அவ்வழியை வகுத்தான் ஒருவன் உளன் என்போமன்றோ? அங்ஙனமே வேறுபாடுகளை நல்வழியில் இறைவன் செலுத்துகின்றான்.

டார்வின் இதனை ஏற்கவில்லை. 1868-இல் வெளியிட்ட நூலின் முடிவில் அவர் கூறிய மறுப்புக் கூரியது. செங்குத்தான மலையினின்று விழுந்து கிடக்கும் கற்களைப் பொறுக்கி ஒருவன் மாளிகை கட்டுகின்றான். ஒவ்வொரு கல்லும் அவ்வடிவில் உடைந்ததற்கு இயற்கைக் காரணம் உண்டு. எனினும் இவன் மாளிகை கட்டுதற்பொருட்டே அவை அவ்வடிவில் உடைந்தன எனலாமோ? புறா வளர்ப்போன் தன் விளையாட்டிற்காக விசிறிவாற் புறாவையும் தொண்டை பருத்த புறாவையும் ஆக்குகின்றான். அவன் மனக்களிப்பிற்காகவா புறாவின் வாலும் தொண்டையும் வேறுபடுமாறு இறைவன் வகுத்தான்? புறாவிற்கு இல்லையெனின் மனிதனுக்கு மட்டும் உண்டென எங்ஙனம் கூறுவது?

அம்மறுப்பிற்குக் கீழே வேறொரு துன்பம் இருந்தது. 1860 மே மாதம் கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள கம்பளிப்புழுவின் உடம்பினுள்ளே முட்டையிட்டு, குஞ்சுகள் அதனை உள்ளிருந்தே தின்னச் செய்யும் ஒருவகைக் குளவியைச் சுட்டி, அருளும் ஆற்றலும் நிறைந்த இறைவன் இதனைக் கருதியே படைத்தானெனத் தம்மால் நம்ப இயலவில்லை என்றார். எலியோடு விளையாடிக் கொல்லும் பூனையையும் சுட்டினார். எனினும் இவ்வியத்தகு உலகம் வெறும் விபத்தென்று கொள்ளவும் தமக்கு மனமில்லை என்றார். அதற்கு ஒன்பதாண்டு முன்னர், 1851 ஏப்ரலில், அவருடைய பத்து வயது மகள் ஆனி நோயுற்று இறந்துபோனாள். டார்வினின் நம்பிக்கை தளர்ந்ததற்குப் புறாவும் பாறையுமே காரணமென்பார், அக்குழந்தையை மறந்தாராவர்.

ஈண்டு நம் சித்தாந்தத்தை வைத்துப் பார்ப்போம். கிறித்தவர் கொள்கையில் இறைவன் இன்மையினின்று அனைத்தையும் ஆக்கினான். மாளிகை, கல், மலை, கட்டுவோன் எல்லாம் அவனிடத்தினின்றே வந்தனவாதலின், கல்லின் ஒவ்வொரு விளிம்பிற்கும் அவன் விடை கூற வேண்டியவனாகின்றான். டார்வின் தைத்த முள் அவ்விடத்தில் ஆழப் பாய்ந்தது. நம் ஆசிரியர்களோ, குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் ஆதல்போல, உலகிற்கு மாயை முதற்காரணமும், சத்தி துணைக்காரணமும், இறைவன் நிமித்தகாரணமும் ஆம் என்றனர். மாயையும் உயிரும் ஆணவமும் அநாதி. உயிரின் மலத்தை இறைவன் ஆக்கினானல்லன். அதனை நீக்குதற்பொருட்டே தநு கரண புவன போகங்களைத் தருகின்றான். கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை அரும்பி, ஒன்று மலர்ந்து, ஒன்று வாட, அவன் விகாரமுறாது நிற்பதுபோல ஐந்தொழிலும் நிகழும் என்ப. ஆகவே மண் குடமாதற்கு எத்தனை கோடியாண்டு சென்றது, எந்த எந்த வடிவின் வழியாகச் சென்றது என்பன சித்தாந்தத்தை அசைப்பன அல்ல. கிரேயின் பிழை யாதெனின், காரணம் அறியப்படாத இடைவெளியில் இறைவனை நிறுத்தியதே. மெண்டல் 1866-இல் வெளியிட்டு 1900-இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட மரபு விதிகளாலும், 1953-இல் டி.என்.ஏ. அமைப்பு அறியப்பட்டதனாலும், அவ்விடைவெளி பெரிதும் தூர்ந்துபோயிற்று. நிமித்தகாரணன் துணைக்காரணங்களுள் ஒருவனாக எண்ணப்படின், அவை அறியப்படுந்தோறும் அவனுக்கு இடங் குறையும்.

இது கொண்டு நாம் செருக்குறுதல் வேண்டா. நம் நூல்களிலும் எழுத்தெழுத்தாகக் கொண்டால் நில்லாதன உள. நால்வகைத் தோற்றத்துள் வேர்வையிற் பிறப்பன என்று பேன் முதலியவற்றைக் கூறுவர். பேன் முட்டையினின்றே பிறக்கின்றது. புழு ஈயின் முட்டையினின்று வருவதை 1668-இல் ரெடி காட்டினார். கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களும் தாமே தோன்றா என்பதை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர் காட்டினார். நால்வகைத் தோற்றமென்பது அக்காலத்து உலகவழக்கை எடுத்துக்கொண்ட பாகுபாடேயன்றிச் சித்தாந்தப் பொருளன்று எனக் கூறுதற்கு நாம் நாணுதல் வேண்டா. நாணினோமாயின், நமக்கும் ஒரு காஸ் தோன்றுவார்.

இன்னொன்றும் உண்டு. குளவியின் வாய்ப்பட்ட புழுவிற்கு வினை என்போம். கோட்பாட்டளவில் அதுவே எம் விடை. யாம் அதனை விட்டேமல்லேம். ஆயின் ஆனியின் தந்தை எம்முன் வந்திருந்தால், "நும் மகளின் வினை" என்று அவரிடம் யாம் கூறியிருக்கமாட்டேம். ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு வினைக்கொள்கை ஊன்றுகோல். பிறன் துன்பத்தின்மேல் எறியும்போது அதுவே கல். மடத்தில் எமக்குப் பாடஞ் சொன்ன பெரியார், இழவு வீட்டிற்குச் சென்றால் வாய் திறவாது அமர்ந்திருந்து எழுந்து வருவார்.

மேனாட்டு வழக்கு இன்றும் முற்றுப்பெற்றிலது. பிரின்ஸ்டனில் சமயநூல் கற்பித்த சார்லஸ் ஹாட்ஜ் 1874-இல், கிரேயின் பத்தியை ஐயுறாமலே, டார்வின் கொள்கை நாத்திகமென முடிவு கட்டினார். 1925-இல் அமெரிக்க நாட்டு டென்னசி மாகாணத்து டேட்டன் என்னும் ஊரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. மேல்மன்றம் அத்தண்டத்தைத் தள்ளியது. அச்சட்டம் 1967-இல் நீக்கப்பட்டது. கத்தோலிக்கரின் தலைவர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல், உடம்பின் தோற்றம்பற்றி ஆராயலாமென்றும், ஆன்மாவை இறைவனே நேரே படைக்கின்றானெனக் கொள்ளல் வேண்டுமென்றும் எழுதினார். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், அக்கொள்கை வெறும் கருதுகோள் நிலையைக் கடந்துவிட்டதென ஒப்புக்கொண்டார்.

டார்வினும் கிரேயும் ஒருவரையொருவர் வென்றாரல்லர். மறுப்பு வெளிவந்த அதே 1868-இல் கிரே தம் மனைவியாரோடு டார்வின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். 1877-இல் பூக்களின் வடிவ வேறுபாட்டைப் பற்றித் தாம் எழுதிய நூலை டார்வின் கிரேக்கே உரிமையாக்கினார். 1879-இல் ஒருவர், கடவுள் நம்பிக்கையும் பரிணாமக் கொள்கையும் ஒருவனிடத்து ஒருங்கே நிற்குமோ என வினவியதற்கு, ஐயமின்றி நிற்கும் என விடையெழுதி, கிங்ஸ்லியையும் கிரேயையும் எடுத்துக்காட்டாகக் குறித்தார். தம்மைப்பற்றி அவ்வாறு அவர் கூறவில்லை.

இவற்றையெல்லாம் அடுத்த வகுப்பில் மாணவருக்கு உரைத்தேம். அவர் சிறிது நேரம் எண்ணியிருந்து, "அந்தப் புழுவிற்கு மலபரிபாகம் எங்ஙனம் நிகழும், ஐயா?" என்றார். சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தை வரும் திங்கள் தொடங்குகின்றேம்; அப்பொழுது அவ்வினாவை எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளேம்.