தெராக்-25: எட்டு நொடிக்குள் நேர்ந்த பிழை

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கக் கனடா அணுசக்தி நிறுவனம் உருவாக்கிய, கணினியால் இயங்கிய கருவியாகும். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் இதனால் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர், சிலர் இறந்தனர். இதற்குக் காரணமான நிரல் பிழைகளுள் ஒன்று ‘போட்டி நிலை’, அதாவது ரேஸ் கண்டிஷன்.

ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு இழைகள் நினைவகத்தின் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறினால் அதுவே போட்டி நிலை. தெராக்-25இன் பிடிபி-11 கணினியிலும் பல பணிகள் இவ்வாறே மாறிகளைப் பகிர்ந்து இயங்கின.

கருவிக்கு இரண்டு முறைகள் உண்டு. எக்ஸ் கதிருக்கு மிக வலுவான எலக்ட்ரான் கற்றை தேவை. அதன் குறுக்கே உலோக இலக்கு நிற்கும். எலக்ட்ரான் முறையில் இலக்கு விலகிவிடும். ஆகவே கற்றை மெலிந்திருக்க வேண்டும். இயக்குபவர் தவறுதலாக ‘எக்ஸ்’ என்று தட்டிவிட்டு ‘இ’ என்று திருத்துவது இயல்பே. ஆனால் காந்தங்கள் நிலைகொள்ள ஏறத்தாழ 8 நொடிகள் ஆகும். அதற்குள் திருத்தி முடித்தால், கற்றையை அமைக்கும் பணி அதைக் கவனிக்காது. சுழல்மேசையைத் திருப்பும் பணியோ புதிய எழுத்தைப் படித்து இலக்கை விலக்கிவிடும். வலுவான கற்றை நேராக உடலில் பாயும்.

டெக்சாஸின் டைலர் நகரில் 1986 மார்ச்சில் நடந்தது இதுதான். 180 ராட் பெற வேண்டிய நோயாளி 16,500 முதல் 25,000 ராட் வரை பெற்றதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. திரையில் தெரிந்தது ‘பழுது 54’ என்ற குறிப்பு மட்டுமே. அதன் பொருள் கையேட்டில் விளக்கப்படவில்லை. சோதிக்க வந்த நிறுவனப் பொறியாளர்களால் பிழையை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. மிகை அளவு நேர வாய்ப்பே இல்லை என்று கூறப்பட்டது. கருவி மீண்டும் இயக்கப்பட்டது. ஏப்ரலில் இரண்டாவது நோயாளி பாதிக்கப்பட்டார்.

பின்னர் மருத்துவமனையின் இயற்பியலாளர் பிரிட்ஸ் ஹேகரும் கருவியை இயக்கியவரும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து உண்மையைக் கண்டறிந்தனர்: வேகமாகத் தட்டினால்தான் பிழை வரும். பழகாத கைக்கு அது அகப்படவில்லை. நன்கு தேர்ந்த கைக்கே அகப்பட்டது. இதில் அந்த இயக்குநரின் குற்றம் எதுவுமில்லை.

நிறுவனம் முதலில் சொன்ன தற்காலிகத் தீர்வு வியப்பானது: திருத்துவதற்குப் பயன்படும் மேல் அம்புக்குறி விசையின் மூடியைக் கழற்றி, உள்ளே நாடா ஒட்டிவிட வேண்டும்!

இதே பிழை முந்தைய தெராக்-20 கருவியிலும் இருந்தது பிறகு தெரியவந்தது. அதில் தனியான மின்பாதுகாப்பு அமைப்புகள் இருந்தன. பிழை நேர்ந்தபோதெல்லாம் ஃபியூஸ் மட்டுமே போனது. தெராக்-25இல் அவற்றை நீக்கிவிட்டு மென்பொருளை நம்பியிருந்தனர்.