‘அல்லாதார்’ யாவர்? தேசவழமையும் கணனித் தரவுத்தளமும்

ஒல்லாந்த ஆளுநர் சீமன்சின் பணிப்பின்பேரில், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706ஆம் ஆண்டிலே நாட்டு வழக்கங்களைத் திரட்டத் தொடங்கினார். 1707இல் நிறைவெய்திய தொகுப்பைத் தமிழ் முதலிமார் பன்னிருவர் ஆராய்ந்து ஏற்றனர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்புக்கு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் ஆங்கிலேயர் ஆட்சியிலும் வலுவளித்தது. அது ‘யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகளுக்கு’ உரியது.

இத்தொடரிலே நிபந்தனைகள் இரண்டு உள. ஒருவர் தமிழராயிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வாசியாயுமிருத்தல் வேண்டும். எனவே ‘தேசவழமைக்கு உட்படாதவர்’ என்னும்போது மட்டக்களப்புத் தமிழரும் யாழ்ப்பாணத்தில் வாழும் சிங்களவரும் ஒரே கூடைக்குள் விழுகின்றனர். ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கிலே (1913) இது ஓர் இனத்தின் வழக்கமன்று, ஓர் இடத்தின் வழக்கமே என நீதிமன்றம் கொண்டது. இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றித் தன் காணியை விற்கவியலாது. உட்படாதவளுக்கு அத்தடையில்லை. ஆகவே ‘அல்லாதாள்’ என்னும் முடிவிலே ஒரு பெண்ணின் சொத்துரிமை தங்கியிருந்தது.

வாசம் ஐயத்துக்கிடமானால் என் செய்வது? தேசவழமை தனக்குப் பொருந்தும் என்பவரே அதனை நிறுவவேண்டும், நிறுவாவிடின் பொருந்தாது. ஐயம் ‘அன்று’ என்பதனோடு சேர்க்கப்பட்டது.

ஏறக்குறைய இதே வினா கணனி வலையமைப்பிலும் எழுந்தது. 1981இல் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் 4ஆம் பதிப்பு ஒவ்வொரு முகவரிக்கும் 32 இருமவிலக்கங்களை அளித்தது. 1993இல் வகுப்பற்ற பகுப்புமுறை வந்தபின் 10.20.0.0/16 என்பது முதல் 16 இலக்கங்களும் ஒத்த முகவரிகள் அனைத்தையும் குறிப்பதாயிற்று. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 1998இல் இம்முகவரிகளைத் தனி வகையாக ஏற்று, ‘உள்ளடங்கியது’ என்பதற்கு << என்னும் குறியை வழங்கிற்று. ‘உள்ளடங்காதது’ என்பதற்குத் தனிக்குறி இல்லை. ஒப்பீட்டின் முன் ‘நொட்’ என்னும் மறுப்புச் சொல்லை இடவேண்டும்.

இங்கும் நிபந்தனைகள் இரண்டு: முகவரிகள் ஒரே பதிப்பினவாயிருத்தல், முன்னிலக்கங்கள் ஒத்திருத்தல். பதிப்பைக் கணனியார் ‘குடும்பம்’ என்றே அழைப்பது தேசவழமை படித்தவர்க்குச் சுவையாயிருக்கும். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 2011 ஏப்பிரலில் பழைய முகவரிகளின் இருப்பு இறுதித் தொகுதியை எட்டியதனால், 128 இலக்கமுடைய 6ஆம் பதிப்பு இன்றியமையாததாயிற்று. புதிய குடும்பத்து முகவரியொன்றைப் பழைய எல்லையோடு ஒப்பிட்டால் வழு எதுவும் காட்டப்படாது. ‘அன்று’ என்ற விடையே வரும். மறுத்தால் அது ‘ஆம்’ ஆகும். வளாகத்துக்குள் அடங்காதோர்க்கு நூலகத்தின் மின்னிதழ்களை மறுக்குமாறு வினவல் எழுதினால், வளாகத்துள்ளேயே புதிய முகவரியோடு அமர்ந்திருக்கும் மாணவனும் வெளியாளாகிவிடுவான்.

முகவரி பதியப்படாத பதிவின் நிலை வேறு. தரவுத்தளக் கோட்பாட்டாளர் கொட் 1979இல் விரித்துரைத்த மும்மதிப்பு அளவையின்படி, அதன் ஒப்பீடு உண்மையுமன்று, பொய்யுமன்று, ‘அறியப்படாதது’. அறியப்படாததை மறுத்தாலும் அறியப்படாததே கிடைக்கும். உள்ளோரைக் கேட்டாலும் அல்லாதோரைக் கேட்டாலும் அப்பதிவு வராது. இரு தொகைகளையும் கூட்டினால் மொத்தம் குறையும். ஐசாக்சின் தொகுப்பைக் கையாண்ட நீதிமன்றம் ஐயத்தை ஒரு பக்கம் தள்ளியது. கணனியோ இரு பக்கத்திலிருந்தும் நீக்குகிறது. எனது கருத்தில் நீதிமன்றத்தின் வழியே நேரியது. அங்கே பாதிக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். இங்கோ, விடுபட்டவர் விடுபட்டதே தெரியாது.

நீதிமன்றத்தின் வழியைக் கணனியிலும் பின்பற்ற இயலும். ‘நொட்’ என்பதற்குப் பதிலாக ‘இஸ் நொட் ட்ரூ’ என ஒப்பீட்டின் பின் எழுதினால் அறியப்படாதவையும் அல்லாதவற்றோடு சேரும். குடும்பத்தை முதலில் தனியே சோதித்து, 6ஆம் பதிப்புக்குரிய வளாக எல்லையையும் சேர்த்தெழுதினால் அம்மாணவனுக்குரிய இதழ் அவனுக்குக் கிடைக்கும்.