பன்விலவில் சாய்ந்த மரங்கள்

வத்துகாமத்திலிருந்து பன்வில வழியாக மடுல்கலைக்கு ஏறும் வீதியின் இருமருங்கும் தேயிலை. தேயிலைக்கு முன் அங்கே கோப்பி இருந்தது. கோப்பிக்கு முன் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடர்காடு இருந்தது. கண்டிச் சீமைக்கு வந்து மாண்டவர்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்தக் காடு வீழ்த்தப்பட்ட விதம் பற்றிப் பேசியது குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காடு வெட்டும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்கள் பெரும்பாலும் அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவர்கள். மலையடிவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் கோடரியால் பாதிவரை மட்டும் வெட்டி, விழாமல் நிற்க விட்டுவிட்டு மேலேறுவார்கள். உச்சியை அடைந்ததும் அங்குள்ள பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசையின் மீது விழ, அந்த வரிசை அடுத்ததைத் தள்ள, முழு மலைச்சரிவும் இடிமுழக்கத்தோடு தரையில் கிடக்கும். காய்ந்த பின் தீ வைப்பார்கள். சாம்பல் படிந்த அந்த மண்ணில் கோப்பிக்குக் குழி வெட்டியவர்கள் நம் மூதாதையர்.

வெள்ளைக்காரத் துரைமார் இதைப் பெரும் காட்சியாக வியந்து எழுதினார்கள். பாதி வெட்டுண்ட மரங்களுக்கு நடுவே நின்று கோடரி வீசியவனின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பலத்த காற்று போதும். ஒரு மரத்தைக் கொண்டு இன்னொன்றை வீழ்த்தும் இதே முறையைத்தான் அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டு மரவெட்டுப் பாதுகாப்பு விதிகள் அடியோடு தடை செய்தன.

1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது, நிழலுக்குக் கிறெவிலியாவும் விறகுக்கு யூக்கலிப்டஸும் நடப்பட்டன. மலையில் மரம் வெட்டும் தொழில் முடியவில்லை, கருவிதான் மாறியது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரச் சங்கிலி வாளையும் 1929இல் பெற்றோலில் இயங்கும் வாளையும் உருவாக்கினார். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம் 1940களில் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி மரம் குடையும் புழுவின் தாடையைப் பார்த்து வடித்தது.

2019இல் இலங்கையில் சங்கிலி வாள் வைத்திருப்போர் எல்லோரும் அவற்றைப் பதிவு செய்யப் பணிக்கப்பட்டனர். காடழிப்பைத் தடுப்பது நோக்கம், நல்லதே. வாளைப் பிடிக்கும் கை கற்ற கையா என்பது வேறு கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், பன்விலவுக்கு அருகே லயத்தின் பக்கம் சாய்ந்து நின்ற ஓர் அல்பீசியாவை வெட்டுவதைப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டி, இறப்பர்ச் செருப்போடு நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். மரம் கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் வாய் வெட்டினார். பின்புறமிருந்து அறுத்து வந்தவர், முழுதும் அறுக்காமல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்களவு நாரை மிச்சம் வைத்தார். கதவின் கீல் போல மரத்தைத் திசை மாறாமல் சாய்ப்பது அந்த மிச்சம்தான். மரம் லயத்தை விட்டு விலகி விழுந்தது.

யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன்.

“அப்பா கோடரியில மிச்சம் விட்ட இடத்தை நான் மெசின்ல விடுறேங்க ஐயா.”

கீல் தந்தை தந்த பாடம். கோடரிக்குத் தேவைப்படாத பாடங்களை அவருக்கு எவரும் தரவில்லை. அவரது இடது தோளில் நீண்ட தழும்பு இருந்தது. சுழலும் சங்கிலியின் முனை, அதிலும் முனையின் மேற்பாதி, கிளையில் பட்டால் வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டுபவரை நோக்கி எகிறும். அப்போது மணிக்கட்டு முன்புறக் கைத்தடுப்பில் மோதிச் சங்கிலியை நிறுத்தும் ஏற்பாடு 1970களிலேயே வந்துவிட்டது. அவரது வாளில் அந்தத் தடுப்பு உடைந்திருந்தது. பின்வாங்கி ஓட வழியும் வெட்டி வைக்கவில்லை; முதுகுக்குப் பின்னால் இடுப்பளவு தேயிலைச் செடி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைச் சிதைத்தபோது அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். வீதிகளில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டு நாணேற்றிய வில் போன்றது, அறுத்ததும் அறையும், கவனம் என்றேன். தெரியும் என்றார். கைத்தடுப்பை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார்.