அம்மா கண்டுபிடித்த பிழை



சென்ற பள்ளி விடுமுறையில் என் முதல் மின்சுற்றுப் பலகையைக் கணினியில் நானே வரைந்தேன். எட்டுக் கால்கள் கொண்ட 555 சில்லு ஒன்று, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி, மின்னி மின்னி எரிய வேண்டிய ஒரு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். விளக்கு எரியவில்லை! காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் அம்மா. அதைச் சொல்லுமுன் சிறிது வரலாறு பார்ப்போம்.

அந்தக்கால வானொலிப் பெட்டிக்குள் கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் கையால்தான் பற்றவைத்தார்கள். வியன்னாவில் பிறந்து 1936-இல் இங்கிலாந்து சென்ற பவுல் ஐஸ்லர் என்னும் பொறியாளர், கம்பிகளுக்கு மாற்றாகப் பலகையின்மேல் செப்புத் தடங்களை அமைக்கும் முறையை உருவாக்கினார். அவர் அணுகிய நிறுவனம் அதை ஏற்கவில்லை. கம்பி இணைக்கும் பெண்களின் கூலி அதைவிட மலிவு என்பதே காரணமாம்! இரண்டாம் உலகப் போரின் வெடிகுண்டுகளில் பயன்பட்ட பின்னரே அச்சுச் சுற்றுகள் உலகெங்கும் பரவின.

அதே மலிவுக் கூலிக் கணக்கு பின்னர் நம் நாட்டிற்கும் வந்தது. 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. பினாங்கில் பாயான் லெப்பாசிலும், இங்கே சுங்கை வேயிலும் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. மலாய்க் கிராமத்துப் பெண்களோடு, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். அவர்களுள் ஒருவர் என் அம்மா. பலகையின் துளைகளில் உதிரிப்பாகங்களின் கால்களைச் செருகுவது அவர் வேலை. அந்தப் பலகையை வரைந்தவர் யார் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

அந்நாளில் வரைவதும் எளிதன்று. ஒளி ஊடுருவும் தாளில் கருப்பு ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டிப் பெரிதாக அமைத்து, பின் புகைப்படமாகச் சுருக்குவார்கள். இன்று அப்பணியைக் கணினி செய்கிறது. நான் பயன்படுத்திய கிகாட் என்னும் இலவச மென்பொருளை 1992-இல் தொடங்கியவர் பிரான்சின் கிரெனோபிளில் பணியாற்றிய ழான்-பியர் ஷராஸ். முதலில் சுற்றின் வரைபடம். அடுத்து ஒவ்வொரு பாகத்திற்கும் உரிய துளைகள். கடைசியில் அவற்றை இணைக்கும் செப்புத் தடங்கள். சில்லின் கால்களுக்கு இடைவெளி 2.54 மில்லிமீட்டர். வரைந்ததைத் தாளில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் செப்புத் தகட்டில் பதித்து, தேவையற்ற செம்பை அமிலத்தில் கரைத்தேன்.

எரியாத அந்தப் பலகையை அம்மா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "முதல் கால் இருக்க வேண்டிய இடத்துல எட்டாவது கால் இருக்குதய்யா. கண்ணாடியில பாத்த மாதிரி வரைஞ்சிருக்க," என்றார். உண்மைதான். படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தேன். தாளைச் செம்பின்மேல் கவிழ்க்கும்போது அது தானாகவே திரும்பிவிடும் என்பதை மறந்துவிட்டேன்!

இரண்டாம் பலகையில் விளக்கு எரிந்தது. "இதையெல்லாம் நாமளே வரையலாமா?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனத்தில் நிற்கிறது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் தொழிற்சாலையில் உழைத்த ஒரு பாட்டியோ அத்தையோ இருக்கக்கூடும். பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்துங்கள். செருகிய கைகளிடம் கேட்டு, வரையும் கைகள் கற்கட்டும்.